புளியமரத்துக்கு இடது பக்கம்

கீழ்வெண்ணந்தலுக்குள் நுழைகிற ரோடு ஒரு புளியமரத்தடியில் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் ஊர். இடது பக்கம் போனால் காலனி. காணையிலிருந்து மேற்கே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் நல்லபடியாக வருகிற தார் ரோடு, இடது பக்கம் திரும்பியதும் உடைந்த சிமெண்டு ரோடாகி, நாற்பத்து மூன்று வீடுகளைத் தாண்டி ஒரு மோட்டார் கொட்டகையில் முட்டி நின்றுவிடும். பச்சைவாழியம்மன் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. வருஷா வருஷம் மாசி மகத்துக்குக் கடலுக்குப் போவாள், குளிப்பாள், திரும்பி வருவாள். போவதும் வலது பக்கத்திலிருந்துதான், வந்து சேருவதும் வலது பக்கம்தான்.

மண்ணாங்கட்டி அந்தப் புளியமரம் வரைக்கும் நாற்பது வருஷம் பறையடித்தவர். கோயில் வாசலில் அம்மனை வண்டியில் ஏற்றியதிலிருந்து முன்னால் அடித்துக்கொண்டு நடப்பார். மரத்தடி வந்ததும் மேளம் நின்றுவிடும். வண்டி கடலுக்குப் போகும், அவர் இடது பக்கம் திரும்பி வீட்டுக்குப் போவார். முன்னால் நடக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் திரும்பினால், "அங்க இன்னாடா பாக்கற, அடிடா" என்று ஒரு குரல் வரும். அதனால் நாற்பது வருஷம் முன்னால் நடந்தும் அவர் அம்மன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. கோயிலுக்குள் போய்ப் பார்ப்பது பற்றிப் பேச்சே கிடையாது.

இப்போது அவருக்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் இருபத்தொரு நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்ல வச்சிப் பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேப்பைக் கூழைத் துணியில் வடித்துச் சங்கில் ஊற்றினாலும் பாதி வெளியே வந்துவிடுகிறது. அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். தை கடைசியில் ஒரு நாள் சவுரியம்மாளைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ மொகத்த ஒரு தபா பாக்கணும் சவுரி."

எவள் முகம் என்று அவள் கேட்கவில்லை.

சவுரியம்மாள் என்பது மாதா கோயில் பேர். அவள் அப்பன் ஞானஸ்நானம் வாங்கியவன். மண்ணாங்கட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவள் கழுத்தில் சிலுவையும் கிடந்தது, மஞ்சள் கயிறும் கிடந்தது. கும்பிடுவது மட்டும் பச்சைவாழியை. பூசாரி வீட்டுப் பெண்களுக்கே அவ்வளவு பக்தி இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அவர்களுடைய மகன் சித்தார்த்தன், ஊர்த் தர்மகர்த்தா தேவநாதனிடம் லாரி ஓட்டுகிறான். வெட்டின கரும்பை மில்லுக்குக் கொண்டுபோகிற லாரி. ஆறு வருஷமாக அந்த வண்டியைத் தன் வண்டி மாதிரியே வைத்துக்கொண்டிருந்தான். போன வருஷம் அம்மன் டிராக்டரில் போனபோது மரக்காணத்துக்கு முன்னால் போலீஸ் மறித்து, ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று சொல்லி, அம்மனை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷம் ஒழுங்கான வண்டி, ஹெவி லைசென்ஸ் டிரைவர், இரண்டும் இருந்தால்தான் பர்மிஷன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஊரில் ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் துபாயில் இருந்தான். இன்னொருத்தனுக்குக் கால் உடைந்து மாவுக்கட்டு.

அதனால் தேவநாதன் காலனி முனைக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. இன்ஜினையும் நிறுத்தவில்லை.

"டேய் சித்தார்த்தா, அம்மன் வண்டிய நீதான் ஓட்டணும்."

"ஊருல ஒத்துக்குவாங்களாங்க?"

"வண்டி என்துது. ஓட்டச் சொல்றவன் நானு. எவன் கேப்பான்?"

சவுரியம்மாள் கையில் இருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஐயா, ஒண்ணே ஒண்ணு ஐயா. அம்மா திரும்பி வர்றப்போ நம்ம தெருவுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போவட்டும் ஐயா. எறங்கக்கூட வேணாம். அவரு படுத்துக்கினு இருக்காரு. வாசல்ல கட்டில்ல போட்டு வைக்கிறேன். ஒரு நிமிசம் நின்னாப் போதும், பாத்துக்குவாரு."

தேவநாதன் பெட்ரோல் முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "செரி, வரட்டும். நான் பேசிக்கிறேன்" என்றார்.

"நெசமாத்தானுங்களே?" என்றான் சித்தார்த்தன்.

"எழுதிக் குடுக்கணுமாடா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சவுரியம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் பத்து நாள் காலனி தரையில் கால் பாவவில்லை. தெருவை இரண்டு தடவை கூட்டினார்கள். சாக்கடைக்குப் பலகை போட்டார்கள். வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கப் போகிற பெண்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்குச் சாணி தெளிப்பது என்று முடிவானது. மாசி பிறந்து மல்லாட்டை பிடுங்குகிற நேரத்தில் ஒரு நாள் கூலியை விடுவது என்றால் அது சாதாரணமில்லை. சித்தார்த்தனின் தங்கை இசைவாணி, நர்சிங் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவள், அப்பனுக்குப் புதுக் கைலி ஒன்று வாங்கி வைத்தாள். பரணில் கிடந்த பறையை இறக்கித் துடைத்துக் கட்டில் காலோரம் சாய்த்தாள். அவரால் இனி அடிக்க முடியாது. பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

மாசி மகத்தன்று பொழுது விடிகிற நேரத்துக்கு வண்டி கிளம்பியது. லாரியைச் சுற்றி வாழைமரம், மாவிலை, சீரியல் லைட்டு. மேலே ஜோடனைக்கு நடுவில் அம்மன். அவளோடு பூசாரியும் ஊர் ஆட்களும் இருபது பேர். தேவநாதன் காரில் முன்னால் போனார். வண்டியின் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்தில் தாராளமாக இரண்டு பேர் உட்காரலாம். ஊர் ஆட்கள் மேலே நெருக்கியடித்து நின்றார்களே தவிர, ஒருத்தரும் அங்கே வந்து உட்காரவில்லை. அதனால் சவுரியம்மாள் ராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மடியில் ஒரு ஒயர் கூடை. கூடையில் புளிசாதம், அவித்த மல்லாட்டை, மாற்றுப் புடவை, தேங்காய், கற்பூரம்.

புளியமரம் வந்ததும் சித்தார்த்தன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். இடது பக்கத்துத் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். இசைவாணி ஓடி வந்து கை காட்டினாள்.

"மதியத்துக்குள்ள வந்துருவோம்டி! ஒப்பனுக்கு மொகத்தக் கழுவி வையி!" என்று சவுரியம்மாள் ஜன்னலில் கத்தினாள்.

கரும்புக் கொல்லை மேல் பனி இறங்கிக் கிடந்தது. காணையைத் தாண்டும்போது எதிரில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வந்தன. சித்தார்த்தனைத் தெரிந்த டிரைவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், ஜோடனையைப் பார்த்தார்கள், அப்புறம் அவனைப் பார்த்துப் பெரிதாக ஒரு ஹாரன் அடித்தார்கள். அவன் பதிலுக்கு அடிக்காமல் கையை மட்டும் தூக்கினான். சாமி வண்டி ஓட்டுகிறவன் சாதாரணமாக ஹாரன் அடிக்கக் கூடாது என்று அவனாக ஒரு சட்டம் வைத்திருந்தான்.

விழுப்புரம் போகிற வழியில் திருவாமாத்தூர் கைகாட்டிப் பலகை வந்தது. சித்தார்த்தன் அதைக் காட்டி, "தேவநாதன அங்க கூட்டினு போயி வட்டப்பாறையில கைய வைக்கச் சொல்லியிருக்கணும்மா" என்றான். அந்தப் பாறையில் பொய்ச் சத்தியம் பண்ணினால் விளங்க மாட்டார்கள் என்று எங்கள் ஜில்லா முழுக்கப் பேச்சு.

"வாயக் கழுவு. பெரிய மனுசன் வாக்கு குடுத்திருக்காரு."

"குடுக்கட்டும். ஸ்டீரிங் எங்கையில இருக்கு. புளியமரத்தாண்ட வந்ததும் எவன் கத்துனாலும் லெப்ட்ல ஒடிச்சிடுவேன். வண்டி நம்ம வாசல்லதான் போய் நிக்கும். அப்பா பாத்த பெறவு என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"அதெல்லாம் வேணாம்டா. அவரே வருவாரு பாரு. முன்னாடி கார வுட்டுக்கினு நம்ம தெருவுக்குள்ள வருவாரு."

"நீ எல்லாரையும் நம்புவம்மா."

"நம்பாம இன்னா பண்ண சொல்ற?" என்றாள் அவள்.

விழுப்புரத்தைத் தாண்டி ஹைவேயில் ஏறியதும் வெயில் வந்துவிட்டது. சித்தார்த்தன் நாற்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் திட்டிக்கொண்டே ஏறிப்போயின. மேலே அம்மனுக்கு ஒரு ஆட்டமும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிளட்சை அமுக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலோடு தூக்கிப் போகிறவன் மாதிரி ஓட்டினான். கரும்பு ஏற்றும்போது அவன் இப்படி ஓட்டியதில்லை. சவுரியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவை முந்தானையால் அவன் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள்.

கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோருக்கும் பேப்பர் கப்பு. எங்கள் பக்கத்து டீக்கடைகளில் பேப்பர் கப்பு வந்தது பெரிய உபகாரம். யாருக்கு எந்த கிளாஸ் என்று ஒருத்தரும் சங்கடப்பட வேண்டியதில்லை, குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டுவிடலாம். சவுரியம்மாள் லாரி நிழலில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். அப்போது இசைவாணி போன் பண்ணினாள். சித்தார்த்தன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"கூட்டேரிப்பட்டு. அப்பா எப்டி இருக்காரு?"

"காலையிலயே குளிப்பாட்டிட்டேன். கூழு ரெண்டு சங்கு உள்ள போச்சி. வாந்தி எடுக்கல. சட்டை போட்டு வுடுன்னு ஒரே பேஜாரு பண்றாரு. இப்பவே போட்டா கசங்கிடும்ப்பான்னு சொன்னா கேக்க மாட்டேன்றாரு."

"போட்டு வுடுடி," என்றாள் சவுரியம்மாள். "கசங்குனா கசங்கட்டும். கட்டில எங்க போட்ட?"

"வாசல்ல. ஆனா தலைய எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு தெர்ல. அம்மன் இந்தப் பக்கமா வந்தா மொகம் எந்தப் பக்கம் இருக்கும்?"

சவுரியம்மாள் கையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கணக்குப் போட்டாள். அம்மன் அந்தத் தெருவில் எந்தப் பக்கம் பார்த்தபடி வருவாள் என்று அவளுக்கு மட்டுமில்லை, யாருக்குமே தெரியாது. வந்தால்தானே தெரியும். "தெரு மொனையப் பாத்தாப்ல வையி. வர்றப்பவே பாத்துக்கினு இருக்கட்டும்" என்றாள்.

திண்டிவனத்தில் மண்டகப்படி. ஊரைவிட்டு வந்து அங்கே கடை வைத்துச் செட்டிலான கீழ்வெண்ணந்தல் குடும்பங்கள் பந்தல் போட்டிருந்தன. அம்மனுக்கு ஆராதனை நடந்தது. பொங்கலும் சுண்டலும் கொடுத்தார்கள். சித்தார்த்தனுக்கும் சவுரியம்மாளுக்கும் ஒரு பெண் தொன்னையை வண்டிப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். வெளியூர் போய்ச் செட்டிலானாலும் கொண்டுபோக வேண்டியதை மறக்காமல் கொண்டுபோயிருந்தார்கள்.

அங்கே தேவநாதனின் மைத்துனன் ஒருத்தன் வந்து சேர்ந்துகொண்டான். பஸ் டிரைவர். ராத்திரி டூட்டி முடித்து வந்தவன், காக்கி பேன்ட்டைக்கூட மாற்றவில்லை. லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். டயரை உதைத்தான். சித்தார்த்தனிடம், "கியர் டைட்டா விழுமா?" என்று கேட்டான்.

"ரெண்டாவது மட்டும் கொஞ்சம் ஒதைக்கும்ண்ணா. பாத்துப் போட்டா ஒண்ணுமில்ல."

"ம்," என்றுவிட்டுக் கார் பக்கம் போனான். டிரைவர்கள் ஒருத்தர் வண்டியை ஒருத்தர் விசாரிப்பது வழக்கம்தான். சித்தார்த்தன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம்.

மரக்காணம் ரோட்டில் பனைமரமும் சவுக்குத் தோப்பும் மாறி மாறி வந்தன. அப்புறம் உப்பளம் வந்தது. வெள்ளை வெளேரென்று குவித்திருந்த உப்பைப் பார்த்து, "இவ்ளோ உப்பாடா!" என்றாள் சவுரியம்மாள். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாகக் கடலைப் பார்க்கப் போகிறவள். காற்றில் கவிச்சி வந்ததும் கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மரக்காணம் தாண்டி ஒரு குப்பத்தில் மணல் வரைக்கும் வண்டி போனது. ஏற்கெனவே ஏழெட்டு ஊர் சாமிகள் வந்து நின்றிருந்தன. குப்பத்து ஜனங்கள் பச்சைவாழியைத் தங்கள் வீட்டுப் பெண் என்பார்கள். பிறந்த வீட்டுக்கு வருகிற மகளுக்குச் செய்கிற மாதிரி புடவை, மஞ்சள், பூ, தட்டு தட்டாகக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் ஒரு மீன்காரப் பெண், லாரி ஓரமாக நின்றிருந்த சவுரியம்மாளைப் பார்த்து, "எந்த ஊரு அக்கா நீங்க? மருமவளா, பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையைப் பிடித்து மஞ்சளையும் குங்குமத்தையும் வைத்து விரலை மூடிவிட்டாள். சவுரியம்மாள் என்ன சொல்வது என்று தெரியாமல், "காணை பக்கம்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது.

கடல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. ஊர் ஆட்கள் அம்மனைத் தலைமேல் வைத்து அலைக்குள் இறங்கினார்கள்.

"நீயும் போயி முழுக்குப் போடுடா," என்றாள் மகனிடம்.

"நான் எதுக்கும்மா? வண்டியாண்ட இருக்கேன்."

"சாமியக் கூட்டிக்கினு வந்தவன் சாமியோட முழுவணும். ஒப்பன் நாப்பது வருசம் அடிச்சாரு, இந்தத் தண்ணி அவரு கால்ல படல. அவரு பேரச் சொல்லி மூணு முழுக்குப் போட்டுட்டு வா. போ, ஜல்தி."

"சாவி?"

"எங்கையில குடு."

அவன் செல்போனையும் சாவியையும் அம்மாவிடம் கொடுத்தான். அவள் சாவியை முந்தானையில் இரண்டு முடிச்சுப் போட்டு முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். அவன் போவதைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். ஊர் ஆட்களிலிருந்து நூறடி தள்ளி, வடக்கே போய் அவன் இறங்கினான். கடல் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் அவனுக்கு அந்த நூறடி பழக்கம். முதல் அலையில் தடுமாறினான், இரண்டாவதில் தலை மறைந்தது.

அப்போதுதான் தேவநாதன் வந்தார். ஈர வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், இடது கையில் கற்பூரத் தட்டு.

"சவுரி, சாவி ஒங்கிட்டயா இருக்கு? குடு. அம்மன் எதிர்ல வச்சிக் கற்பூரம் காட்டணும். திரும்பிப் போற வண்டி இல்ல?"

சவுரியம்மாள் அவசரமாக எழுந்தாள். இரண்டு முடிச்சையும் அவிழ்த்தாள். சாவியை எடுத்துக் குனிந்தாள். குனிந்தது, கீழே வைப்பதற்கு. வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் யாரும் அவள் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கியது கிடையாது. அவள் கொடுப்பதைத் தரையில் வைப்பாள், அவர்கள் தண்ணீர் தெளித்து எடுப்பார்கள். இப்போதெல்லாம் தண்ணீர் தெளிப்பதில்லை, காலம் மாறிவிட்டது. தரையில் வைப்பது மட்டும் மாறவில்லை. அதனால் சாமி சாவியை மணலில் வைக்கிறோமே என்ற கூச்சத்தோடுதான் குனிந்தாள்.

"கீழ வைக்காத, கையில குடு," என்றார் தேவநாதன். வலது கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சாவியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல் அவள் விரலில் பட்டது. அவர் கையை உதறவில்லை.

அவர் போன பிறகும் அவள் அப்படியே நின்றாள். அழுகை வந்தது. தர்மகர்த்தா எல்லார் எதிரிலும் கையில் வாங்குகிறார் என்றால் அம்மன் தெருவுக்கு வருவதில் இனி என்ன சந்தேகம்! மண்ணாங்கட்டியிடம் முதலில் இதைச் சொல்வதா, அம்மனைக் காட்டுவதா என்று யோசித்தாள். அம்மனைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். காக்கி பேன்ட்டுக்காரன் வண்டிப் படியில் உட்கார்ந்து காலிலிருந்த மணலைத் தட்டினான். அவள் அதையும் பார்த்தாள், ஆனால் அவள் மனசு வேறு எங்கோ இருந்தது.

இன்ஜின் சத்தம் கேட்டதும்தான் திரும்பினாள்.

சித்தார்த்தனும் அந்தச் சத்தத்தைக் கேட்டான். தன் வண்டியின் சத்தம் எந்தக் கூட்டத்திலும் அவனுக்குத் தெரியும். ஈரத்தோடு மணலில் விழுந்து எழுந்து ஓடி வந்தான். இரண்டாவது கியர் உதைத்து வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அவன் ஓடிப்போய் டிரைவர் பக்கக் கதவைப் பிடித்தான்.

"அண்ணா! அண்ணா, எறங்குண்ணா! நான்தான் ஓட்டணும்!"

காக்கி பேன்ட்டுக்காரன் நேராக ரோட்டைப் பார்த்தான். மேலே நின்ற இருபது பேரில் பாதிப்பேர் கடல் பக்கம் பார்த்தார்கள். ஒருத்தன் மட்டும், "கைய எடுடா, வண்டியில மாட்டிக்கப் போற" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான்.

பின்னால் தேவநாதன் கார் வந்து நின்றது. சித்தார்த்தன் லாரியை விட்டுவிட்டுக் காருக்கு ஓடினான்.

"முதலாளி, இன்னாங்க இது?"

"நீ காலையிலர்ந்து ஓட்டிக்கினு இருக்க. ரெஸ்ட் எடு. அம்மாவக் கூட்டிக்கினு பஸ்ல வந்துடு."

"தெருவுக்கு வரணும்னு வாக்கு குடுத்தீங்களே!"

"ஊருல ஒத்துக்க மாட்டேன்றாங்கடா. நேத்து ராத்திரி கூட்டம் போட்டு ஒரே சத்தம். நான் ஒருத்தன் இன்னா பண்ணுவேன்? இத்தினி நாளா இல்லாதது எல்லாம் ஒரே நாள்ல நடக்குமா? அடுத்த வருசம் பாக்கலாம்."

"அடுத்த வருசம் எங்கப்பா இருக்க மாட்டாருங்க."

கல்நெஞ்சக்காரர் என்று தேவநாதனைச் சொல்ல முடியாது, அவர் கண் கொஞ்சம் கலங்கியதாகத்தான் சித்தார்த்தன் பிற்பாடு சொன்னான். கலங்கிய கண்ணை வைத்துக்கொண்டே அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கார் போனது. லாரியின் வாழைமரம் சவுக்குத் தோப்பு வரைக்கும் தெரிந்தது. அப்புறம் இன்ஜின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

சித்தார்த்தன் திரும்பி வந்தான். ஈர லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சாவிய ஏம்மா குடுத்த?"

சவுரியம்மாள் முந்தானையில் முடிச்சு இருந்த இடத்தைத் தடவினாள்.

"ஒன்ன நம்பித்தானம்மா குடுத்துட்டுப் போனேன்! கேட்டா தொலைஞ்சிபோச்சின்னு சொல்றது! தண்ணியில வுட்டுட்டேன்னு சொல்றது! ஏம்மா குடுத்த?"

"கையில வாங்கினாருடா."

"இன்னா?"

"கீழ வைக்கப் போனேன். கீழ வைக்காத, கையில குடுன்னாரு. கைய நீட்டுனாருடா." அவள் தன் வலது கையை விரித்து அவனிடம் காட்டினாள். மஞ்சளும் மணலும் ஒட்டியிருந்தது. "எங்கையிலர்ந்து வாங்கினாருடா சித்தார்த்தா. எப்டிக் குடுக்காம இருப்பேன்?"

அவன் அதற்கப்புறம் திட்டவில்லை. அவள் எதிரில் மணலில் உட்கார்ந்துவிட்டான். அலை வந்து வந்து போனது. வேறு ஊர் சாமி ஒன்றைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கொடுத்த மீன்காரப் பெண் தூரத்திலிருந்து, "வண்டிய வுட்டுட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். கூடையில் புளிசாதம் அப்படியே இருந்தது.

சவுரியம்மாள் மடியில் இருந்த போன் அடித்தது. இசைவாணி. சித்தார்த்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போன் அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. சவுரியம்மாள்தான் எடுத்தாள்.

"அம்மா, குளிச்சிட்டாளா அம்மன்? கெளம்பிட்டீங்களா?"

"கெளம்பிட்டாடி," என்றாள் சவுரியம்மாள்.

"அப்பா, கெளம்பிட்டாங்களாம்ப்பா!" என்று இசைவாணி அங்கே கத்துவது கேட்டது. தெருவில் பிள்ளைகள் கத்துவதும் கேட்டது. யாரோ பறையைத் தட்டினார்கள். ஒரு தட்டு, பிறகு இன்னொரு தட்டு. மெதுவாக, விட்டு விட்டு. அப்படித் தட்டுகிற கை எது என்று சவுரியம்மாளுக்குத் தெரியாதா?

"அம்மா, அப்பா ஒக்கார வைக்கச் சொல்றாரும்மா. படுத்துக்கினு பாக்க மாட்டாராம். வலி தாங்காதுப்பான்னு சொன்னா கேக்கல. இப்பவே ஒக்கார வைக்கட்டுமா? இன்னும் எத்தினி நேரம் ஆவும்?"

சவுரியம்மாள் கடலைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான்.

"ஒக்கார வையி," என்றாள். "முதுவுக்குத் தலவாணி குடு."